பேர்தான், நடுவர் அவர்களே, பேர்!

நடுவர் அவர்களுக்கும் எதிரணிக்கும் அவைக்கும் வணக்கம். வணக்கம் சொல்லவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்ட எதிரணி அண்ணனைப் போல நான் செய்யப்போவதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். "கிராஃப்ட் பீரின் புகழுக்குக் காரணம் பீரா, பேரா?" பேர்தான் என்று பேச வந்திருக்கிறேன். லண்டனில் பொங்கல் விழா நடத்திவிட்டு இப்படி ஒரு தலைப்பை யார் வைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். செயற்குழு கூடி முடிவெடுத்ததாம். கூட்டம் எந்த இடத்தில் கூடியது என்பது மட்டும் மினிட்ஸில் இல்லை.

முன் வரிசையில் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கிராஃப்ட் பீர் என்றால், பெரிய கம்பெனிக்காரர்கள் டேங்கர் கணக்கில் போடுவது இல்லை. சின்ன ஆலையில், பக்குவம் பார்த்துக் காய்ச்சுவது. பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர். பெரும்பாலும் இவ்வளவுதான் சரக்கு. மிச்சமெல்லாம் கதை. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஸ்காட்லாந்தில் ப்ரூடாக் என்று ஓர் ஆலை. 2007-இல் இரண்டு இளைஞர்கள் ஆரம்பித்தது. 2010-இல் ஒரு பீர் போட்டார்கள். பேர், 'வரலாற்றின் முடிவு'. ஆல்கஹால் 55 சதவீதம். சாதாரண பீரில் நாலு, ஐந்து இருக்கும். விஸ்கியிலேயே நாற்பதுதான். பீரை உறைய வைத்து, பனிக்கட்டியான தண்ணீரை நீக்கி, மறுபடி உறைய வைத்து, மறுபடி நீக்கி அந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். சரி, அது திறமைதான். ஒத்துக்கொள்கிறேன். போட்டது மொத்தம் 12 பாட்டில். விலை 500 பவுண்டு, 700 பவுண்டு.

அந்தப் பாட்டிலை எதில் வைத்து விற்றார்கள்?

அணிலில்.

நடுவர் சிரிக்கிறார். உண்மையைச் சொல்கிறேன் ஐயா. அணில் படம் போட்ட பாட்டில் இல்லை. அணில் பொம்மை இல்லை. அணில். செத்த அணில். ரோட்டில் அடிபட்டுச் செத்த பிராணிகளை எடுத்துப் பாடம் பண்ணி, உள்ளே பாட்டிலைச் செருகி, பாட்டிலின் கழுத்து அதன் வாய்வழியாக வெளியே வரும்படி செய்துவிட்டார்கள். நாலு அணில், ஒரு முயல், கீரிப்பிள்ளை ஜாடையில் ஏழு பிராணிகள். சிலவற்றுக்கு உடுப்பு வேறு. நம் ஊரில் அணில் என்ன செய்தது? சேதுவுக்கு மணல் சுமந்தது. ராமர் முதுகைத் தடவிக் கொடுத்தார், மூன்று கோடு விழுந்தது. ஸ்காட்லாந்து அணில் என்ன சுமந்தது? 330 மில்லி.

இதை வாங்கின மனுஷன் வீட்டுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். கதவைத் திறந்த மனைவி கேட்கிறார். "கையில் என்ன?" "பீர்." "அது ஏன் என்னைப் பார்க்குது?"

சரி, உள்ளே கொண்டுவந்தாயிற்று. எங்கே வைப்பது? ஃபிரிட்ஜில்தானே? எந்தத் தட்டில்? தயிருக்குப் பக்கத்திலா, இட்லி மாவுக்குப் பக்கத்திலா? ராத்திரி எல்லோரும் தூங்கிவிட்டார்கள். காலையில் மாமியார் பால் எடுக்கப் போகிறார். ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கிறார். லைட் எரிகிறது. உள்ளே கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். மாமியார் கத்தவில்லை நடுவர் அவர்களே. மருமகனைக் கூப்பிட்டு அமைதியாகக் கேட்டார். "மாப்பிள்ளை, இவருக்கும் சேர்த்து காபி போடவா?"

அம்மா, சிரித்தது போதும், தண்ணீர் குடியுங்கள். இப்போது நான் உங்களை ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரம் அணிலைப் பற்றிப் பேசினேன். விலை சொன்னேன், உடுப்பு சொன்னேன், ஃபிரிட்ஜ் சொன்னேன். இந்த அவையில் ஒருத்தராவது, "அந்த பீர் எப்படி இருந்தது?" என்று கேட்டீர்களா? வாய்விட்டு வேண்டாம், மனசுக்குள்ளாவது? அதுதான் ஐயா என் கட்சி. உலகப் பத்திரிகையெல்லாம் அணிலைப் பற்றி எழுதியது. பீர் உள்ளேயே இருந்தது.

அதே ஆலை பிறகு தங்கக் கேன் போட்டி நடத்தியது. பெட்டிகளுக்குள் தங்கக் கேன் ஒளிந்திருக்கிறது, முழுத் தங்கம் என்று விளம்பரம். கிடைத்தவர்கள் விசாரித்துப் பார்த்தால், முலாம். நம் ஊரில் கவரிங் என்போமே, அது. 2021-இல் பிரிட்டிஷ் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அந்த விளம்பரம் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்பே கொடுத்தது. பிற்பாடு, ஜெயித்தவர்களுக்கு ஈடுகட்டக் கிட்டத்தட்ட 5 லட்சம் பவுண்டு கைக்காசு போனது என்று நிறுவனர் ஜேம்ஸ் வாட்டே சொன்னார். இங்கேயும் பாருங்கள், சண்டை கேனைப் பற்றி. கேனுக்குள் இருந்ததைப் பற்றி இல்லை.

அடுத்தது துறவிகள் பீருக்குப் போகலாம் என்றுதான் வந்தேன். ஆனால் எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். நீங்களும் கைதட்டினீர்கள். "எதிரணியில் பேச வருகிறவர் பப்புக்கு வந்தாலே லைம் சோடா கேட்கிற காபிக்கார ஆள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்றார். இதை விட்டுவிட்டுப் போனால் நான் நாளைக்கு ஈஸ்ட்ஹாமில் காய்கறி வாங்கப் போக முடியாது.

அண்ணே, கற்பூரத்துக்கு வாசனை உண்டு. கொளுத்தினால் கோயில் முழுக்கப் பரவும். பக்கத்தில் நின்று ஒருத்தர் விளக்கவுரை சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடையில் அப்படியா? சுவரில் கரும்பலகை. அதில் சாக்பீஸால் எழுதிப் போட்டிருக்கிறார்கள். மாம்பழம், பைன் மரம், திராட்சைத் தோல். படித்த பிறகுதான் நம் ஆட்கள் "ஆமா, மாம்பழம் வருது" என்கிறார்கள். இன்னொன்று இருக்கிறது. பெல்ஜியத்து லாம்பிக் வகையில், காட்டு ஈஸ்ட் வேலை செய்த பீரைச் சுவைக்கிறவர்கள் மெச்சிச் சொல்லும் வாசனை என்ன தெரியுமா? குதிரைப் போர்வை. நான் கட்டிவிடவில்லை, அவர்கள் சொல்வதே அதுதான். அண்ணன் என்னைக் கழுதை என்றார், தாங்கிக்கொள்கிறேன். ஆனால் காசு கொடுத்துக் குதிரைப் போர்வையை மோந்து பார்க்கிறவர் அதைச் சொல்லலாமா?

காபிக்கார ஆள் என்றார். ஆமாம், எனக்குக் காபி தெரியும். செங்கல்பட்டு தாண்டியதும் வரிசையாக 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை வரும். பித்தளை டபரா பளபளக்கும். நாமும் பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தி, டபராவைப் பார்த்து "ஆகா" என்போம். அந்தக் காபிக்கும் கும்பகோணத்துக்கும் உள்ள உறவு அந்தக் கும்பேஸ்வரருக்கே வெளிச்சம். பலகை எப்படி நாக்கைக் கட்டிப்போடும் என்று எனக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று அண்ணே. பீர் குடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை.

இதை நான் மட்டும் சொன்னால் காபிக்காரன் சொல்கிறான் என்பீர்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துப் பக்கத்து மதுக்கூடங்களில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள், 2006-இல் வெளிவந்தது. இரண்டு கிளாஸ். ஒன்றில் சாதா பீர். இன்னொன்றில் அதே பீரில் சில சொட்டு பால்சமிக் வினிகர். ஆமாம் அம்மா, வினிகர். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தபோது, வினிகர் போட்டதுதான் நன்றாக இருக்கிறது என்றவர்களே அதிகம். முன்கூட்டியே "இதில் வினிகர்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தால் முகத்தைச் சுளித்தார்கள். அதைவிட வேடிக்கை, குடித்து முடித்த பிறகு "அதில் வினிகர் இருந்தது" என்று சொன்னால் பெரிதாகக் கவலைப்படவில்லை. அதாவது நாக்கு உள்ளபடி சாட்சி சொல்லத் தயார். காதுதான் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடுகிறது. இப்போது சொல்லுங்கள், கற்பூர வாசனை தெரியாதவன் நானா? நான் கழுதையாகவே இருக்கட்டும். எந்தக் கழுதையும் அணிலுக்கு 700 பவுண்டு கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

நேரம் போய்விட்டது. துறவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரணியின் பெரிய ஆயுதமே அதுதான். பெல்ஜியத்தில் வெஸ்ட்ஃப்ளெட்டரன் கிராமத்து மடம். விளம்பரம் கிடையாது, வெகுகாலம் பாட்டிலில் லேபிள்கூட இல்லை, விவரமெல்லாம் மூடியில்தான் இருந்தது. "பேரே ஒட்டாத பாட்டிலுக்குப் பேரால் புகழ் வந்தது என்பீர்களா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. பதில் பக்கத்து ஊரில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஊருக்கெல்லாம் பீர் விற்பது நமக்குச் சரிப்படாது என்று மடம் ஒதுங்கிக்கொண்டது. காரில் இருபது நிமிடத் தூரத்தில் வாட்டோ என்ற ஊரில் சின்ட் பெர்னார்டஸ் என்ற ஆலைக்கு உரிமம் கொடுத்தது. மடத்தின் செய்முறை, மடத்தின் ஈஸ்ட், 1946-இலிருந்து 1992 வரை. உரிமம் முடிந்த பிறகும் அந்த ஆலை அதே வழியில்தான் காய்ச்சுகிறது. அதன் பாட்டில் இங்கே நல்ல கடைகளில் அலமாரியில் தூசி தட்டிக் கிடைக்கும். மடத்துப் பாட்டிலுக்கோ முன்கூட்டிப் பதிவு, ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்ற கணக்கு, கார் நம்பர் வரை குறிப்பு என்று பல வருஷம் நடந்தது. 2005-இல் ஓர் இணையதளம் அதை உலகின் சிறந்த பீர் என்று அறிவித்தது. அவ்வளவுதான், மடத்து வாசலில் கார் வரிசை. அதற்கு முந்தின வாரமும் அதே துறவிகள், அதே தண்ணீர், அதே கொப்பரைதான் ஐயா. பாவம், பிரார்த்தனை பண்ணப் போனவர்கள், போக்குவரத்தைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அவர்கள் பீர் மோசம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊர் பாட்டிலுக்குத் தவம், அந்த ஊர் பாட்டிலுக்குத் தூசி, இது பீரால் என்றால் நான் இப்போதே எதிரணிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

முதல் மணி அடித்துவிட்டது. இனிமேல் புள்ளிவிவரம் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால், ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குள் ஒரு சின்ன ஆலை இருந்தது. கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருத்தரும் அவர் மனைவியும் நடத்தினார்கள். மேலே ரயில் போனால் கிளாஸெல்லாம் கிடுகிடுக்கும். அவர் கைப்பம்பை இழுத்து முதல் கிளாஸைப் பிடித்து, பல்புக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். துளி கலங்கல் தெரிந்தாலும் சிங்கில் கொட்டிவிடுவார். இப்போது கலங்கல்தானே ஃபேஷன், கலங்கலாக இருந்தால்தானே விலை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கேட்கவில்லை. காய்ச்சி முடிந்த பார்லிச் சக்கையைச் சூடு ஆறுவதற்குள் வாளியில் நிரப்பி எங்கள் வீட்டுக் கத்திரிச் செடிக்குக் கொடுத்தனுப்புவார். வாளியைக் கழுவிக் கொடுத்தால் வாங்கமாட்டார், அவரே மறுபடி கழுவுவார்.

பீர் எப்படி இருந்தது என்று அண்ணன் கேட்கிறார். நான் குடித்தேனா என்று கேட்கிறாரா? என் மனைவி மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

அவர்களுக்கு அணில் இல்லை. கதை இல்லை. கேனில் மண்டையோடு வரையவும் தெரியவில்லை. மால்ட் விலை ஏறியது, கரண்ட் பில் ஏறியது, வாடகை ஏறியது. சனிக்கிழமை சாயங்காலத்திலேயே பாதி பெஞ்சு காலியாக இருக்கும். ஒருநாள் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள், இந்த மாதத்தோடு மூடுகிறோம் என்று. யாரோ அதைப் போட்டோ எடுத்துப் போட்டார்கள்.

கடைசி நாள் வரிசை நின்றது நடுவர் அவர்களே. பாலத்தைச் சுற்றி, பஸ் நிறுத்தம் வரைக்கும். கையில் போன், "கடைசி கிளாஸ்" என்று செல்ஃபி. அந்த அம்மா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, முன்னால் நின்ற ஒரு பையனிடம் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வழி கேட்பது போலக் கேட்டார். "இத்தனை பேரும் இவ்வளவு நாள் எங்கேப்பா இருந்தீங்க?" அந்தப் பையன் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்ற நானும் சொல்லவில்லை.

இதில் தர்க்கம் எங்கே என்று அண்ணன் குறிப்பு எடுக்கிறார். எடுங்கள் அண்ணே. தர்க்கமெல்லாம் அணிலோடு முடிந்துவிட்டது. பேர் இல்லாத ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல மனுஷன் கடையை மூடினார், பேர் வந்த ஒரே நாளில் கூட்டம் வந்தது. இதற்கு மேல் என்னிடம் சாட்சி இல்லை.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். எதிரணித் தலைவர் அடுத்து எழுந்து வருவார். ஹாப்ஸ், மால்ட், ஈஸ்ட் என்று பிரமாதமாகப் பேசுவார், எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் அந்த அம்மா கல்லாவில் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.