ஒவ்வாமை: பிறப்பில் வந்தது எவ்வளவு?

அவையோருக்கு வணக்கம்.

"எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, டாக்டர். என் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாதல்லவா?" என்று கேட்கும் பெற்றோர் ஏராளம். இறால் ஒவ்வாமை அப்படியே பிள்ளைக்கு இறங்குவதில்லை. இறங்குவது, ஒவ்வாமைக்கு ஆளாகும் இயல்பு. அப்பாவுக்கு இறால், மகளுக்குத் தூசி, மகனுக்குக் கரப்பான் என்ற அரிப்புத் தோல்நோய் என்று ஒரே வீட்டில் அது வேறு வேறு முகம் காட்டும்.

அந்த இயல்பில் பிறப்பின் பங்கு சிறிதல்ல. 2000இல் அமெரிக்காவில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 14 ஜோடிகளில் 9 ஜோடிகளில் இருவருக்குமே ஒவ்வாமை. தனித்தனிக் கருவாக உருவான 44 ஜோடிகளிலோ மூன்றில்தான் அப்படி. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ள முடியாது. சரி, மிச்சம் ஐந்து ஜோடிகள்? மரபணு ஒன்றாகவே இருந்தும் அவற்றில் ஒருவர் தப்பித்திருக்கிறாரே!

பதிலில் ஒரு பகுதி தோலில் இருக்கிறது. தோலின் மேலடுக்கை இறுக்கமாகவும் ஈரப்பசையோடும் வைத்திருப்பது ஃபிலாக்ரின் என்ற புரதம். அதற்கான மரபணு பழுதானவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் கண்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தப் பழுது உண்டு. ஆசியர்களிடம் அதே மரபணுவில் வேறு பழுதுகள். அதுவரை பலரும் நோய் எதிர்ப்பு மரபணுக்களையே துருவிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் திருடனைத் தேடினார்கள். கதவோ தாழில்லாமல் கிடந்தது. பழுது இருந்தும் கரப்பானே வராதவர்களும் பலர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விரிசல் விட்ட தோல் வழியே வேர்க்கடலைத் துகள் நுழைந்தால் உடல் அதைப் பகையாகக் கருதுகிறது, வாய் வழியே வந்தால் பழகிக்கொள்கிறது என்பது லண்டன் மருத்துவர் கிடியன் லாக்கின் கருத்து. 2008இல் அவர் குழு வெளியிட்ட கணக்கு இது: பிரிட்டனில் வாழும் யூதப் பிள்ளைகளில் கடலை ஒவ்வாமை 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17. வம்சம் ஏறக்குறைய ஒன்றுதான். இஸ்ரேலில் கைக்குழந்தைகளே வேர்க்கடலைப் பொரியைத் தின்கிறார்கள். பிரிட்டனிலோ, ஒவ்வாமைக் குடும்பங்களில் மூன்று வயதுவரை கடலை கூடாது என்று 1998 முதல் அரசே அறிவுறுத்தியிருந்தது!

கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளிடம் லாக் குழுவினர் இதைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். கடலையைத் தவிர்த்தவர்களில் ஐந்து வயதில் 17.2 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை. தொடர்ந்து தின்றவர்களில் 3.2.

இதைக் கேட்டுவிட்டு இன்றிரவே கடலையை எடுத்து ஊட்டிவிடாதீர்கள். அந்த ஆய்விலேயே, தோல் சோதனையில் பெரிய தடிப்பு எழும்பிய குழந்தைகளைச் சேர்க்கவில்லை. கடும் கரப்பான் உள்ள பிள்ளை என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றாலும் முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும். நன்றாக அரைத்துக் கஞ்சியிலோ கூழிலோ குழைத்துக் கொடுங்கள்.