5000 பிரதிகளை எரித்தார்கள். ஒன்று மட்டும் பெட்டகத்தில் இருந்தது!

(காட்சி: கரிய மையில் வரைந்த ஒரு முதியவரின் முகம்)

வணக்கம். 1943ஆம் ஆண்டில் அச்சான ஒரு மெல்லிய ஓவிய நூலின் 5000 பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி எரித்தது. தப்பிய ஒரு பிரதியை ஓவியரின் குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் பாதுகாத்தார்கள். அந்த நூல் ‘பசித்த வங்காளம்’, வரைந்தவர் சித்தபிரசாத்.

1915இல் வங்காளத்தின் நைஹாட்டியில் பிறந்த இவர் தாமே வரையக் கற்றவர். சாதியை எதிர்த்து, பட்டாச்சார்யா என்ற குலப்பெயரைத் துறந்தவர். அவர் காலத்தில் பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றது, வங்காளத்தின் மேதினிப்பூர் மாவட்டத்தைப் புயல் சிதைத்தது, அரிசி விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் மூண்டது.

இனி என்னை விடாமல் பிடித்திருக்கும் செய்திக்கு வருகிறேன். பஞ்சத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் என்று 1945இல் அரசின் விசாரணைக் குழு கணக்கிட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் வரை என்கிறார்கள். இரண்டு கணக்குகளுக்கும் இடையே 15 லட்சம் உயிர்கள் நிற்கின்றன! நிலமற்ற கூலிகளும் மீனவர்களுமே பெரும்பாலும் மடிந்தார்கள். அவர்களைத் தலை எண்ணக்கூட யாரும் இருக்கவில்லை.

அதே 1943 நவம்பரில் சித்தபிரசாத் மேதினிப்பூரின் கிராமங்களில் நடந்து திரிந்தார். பசித்தவர்களின் எதிரில் இருந்து வரைந்தார். பல படங்களின் அருகே அவர்களுடைய பெயரையும் ஊரையும் தொழிலையும் எழுதிவைத்தார். நூறு பேர் கிடக்கும் தெருவைப் பார்க்கும் கண் மரத்துப்போகும். பெயருள்ள ஒரு முகத்தின் முன்னால் அவ்வாறு மரத்துப்போக முடிவதில்லை. அந்தக் கோடுகளைக் கவனியுங்கள்: சில படங்களில் விலா எலும்பும் கழுத்து நரம்பும் அழுத்தமான கருமையில் விழ, எஞ்சிய உடல் வெற்றுத் தாளாகவே விடப்பட்டிருக்கும். சதை இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஓவியர் மையை வைக்கவில்லை. ஓவியப் பள்ளியில் பயின்றிருந்தால் இந்தத் துணிவு அவருக்கு வந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.

பின்னர் பம்பாயில் குடியேறி, வேலைக்குப் போகும் குழந்தைகளை லினோ அச்சுப் படங்களாக, அதாவது லினோலியம் என்ற மென்மையான விரிப்பில் வெட்டி மையிட்டு எடுக்கும் படங்களாகச் செதுக்கினார், 1978இல் மறைந்தார்.

பெட்டகத்துப் பிரதியைக் கொண்டு 2011இல் தில்லியின் ஒரு கலைக்கூடம் அந்நூலை அப்படியே மறுபதிப்புச் செய்தது. அது உங்கள் கைக்குக் கிடைத்தால், பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் படத்தின் அருகே உள்ள பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.