ஒரே தவணை எம்.பி. கக்கன்

விழாத் தலைவர் அவர்களே, கூப்பிட்டதும் வந்த வட்டாட்சியர் அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் நன்றியுரையில் சேர்த்துக்கொள்வார்கள்.

கக்கனைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: நாட்டுக்கு அரசமைப்புச் சட்டம் எழுதிய அரசியல் நிர்ணய சபை, டெல்லியில் அவருடைய ஐந்தாண்டு, கோட்டையில் பத்தாண்டு. மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்தவர். தாழ்த்தப்பட்டவர்களைக் கோயிலுக்குள் விடாத காலத்தில், 1939இல், மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். நிர்ணய சபையிலும் இருந்தார். 1952இல் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார், ஒரே தவணைதான். அதற்குள் 1954இல் காமராசர் முதல்வராக, காங்கிரசின் மாநிலத் தலைவர் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. 1957இல் பொதுப்பணித்துறை அமைச்சர். வைகை அணை திறந்தது அந்தக் காலத்தில்தான். அப்புறம் வேளாண்மை, உள்துறை. 1967இல் தோற்றார். டெல்லிக் கதையை விரிக்க ஆசைதான், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். ‘ஊருக்கு உபதேசம்’ என்பார்களே, அது கக்கனிடம் செல்லாது. மதுரை மேயராக இருந்த மதுரை முத்து உடம்பு சரியில்லாமல் மதுரை மருத்துவமனையில் இருக்கிறார். பார்க்க வருகிறார் முதல்வர் எம்.ஜி.ஆர். வாசலெல்லாம் கூட்டம், போலீஸ், மாலை. பார்த்துவிட்டுக் கிளம்பும்போது யாரோ காதில் போடுகிறார்கள்: “கக்கனும் இங்கேதான் இருக்கிறார்.” எங்கே? பொது வார்டில்! பத்தாண்டு அமைச்சர், போலீசையே கையில் வைத்திருந்தவர், நம் வீட்டுப் பெரியவர்கள் படுக்கிற அதே வார்டில். எம்.ஜி.ஆர். பதறிப்போய் ஓடுகிறார். தனி அறைக்கு மாற்றச் சொல்கிறேன் என்கிறார். வேண்டாம் என்று மறுத்துவிட்டாராம் கக்கன். (கைதட்டல்) இருங்கள், கைதட்டலை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

இன்றைக்கு நம் பிரதிநிதிகளுக்குத் தலைவலி வந்தால் எங்கே போகிறார்கள்? அரசு மருத்துவமனையைத் திறந்து வைக்க வருகிறார்கள், படுக்க வருவதில்லை. ஊருக்கு உபதேசம்! எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் சொந்தத் தொகுதி அரசு மருத்துவமனையில்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று விதி வரட்டும். ஒரே மாதத்தில் ஸ்கேன் மெஷின் ஓடும், ராத்திரி டாக்டர் இருப்பார், கழிவறைக்குத் தாழ்ப்பாள் வரும். ஊருக்கு உபதேசம் செய்யாதே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கு மூட்டுவலி வைத்தியம் தாலுகா ஆஸ்பத்திரியில்தான், டோக்கன் காட்டட்டுமா?

இந்த விதி வேண்டும் என்று கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. வட்டாட்சியர் கையிலேயே இன்று கொடுத்துவிடலாம். பேனா இரண்டுதான், கையெழுத்துப் போட்டதும் அடுத்தவரிடம் கொடுங்கள்.