பாறையில் ஒட்டிய உறவு: முதுகுநாணிகளின் வகைப்பாடு

அவைத்தலைவர் அவர்களே, நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களே, டர்பன் வாழ் தமிழ்ப் பெரியோர்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கரையில் தூண்டில் போட்டுப் பழகிய எவரும் ரெட்பெய்ட்டை அறிவார்கள். கடல் வற்றும் நேரத்தில் பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கும், முரட்டுத் தோல்பை போன்ற பழுப்பு நிறக் கட்டி அது. அழுத்தினால் நீரைப் பீய்ச்சும். கத்தியால் கீறினால் உள்ளே செக்கச்செவேலென்ற தசை இருக்கும். அதைத்தான் முள்ளில் கோக்கிறோம். அதே பாறையில் ஓடும் நண்டையும் இடுக்கில் ஒளியும் கணவாயையும் விட, கண்ணும் காலும் இல்லாத இந்தக் கட்டியே நமக்கு நெருங்கிய உறவு என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதுகுநாணிகள் என்னும் தொகுதியில் ஓர் உயிர் சேர வேண்டுமானால், அதன் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்திலாவது முதுகுப்புறத்தில் வளைந்துகொடுக்கும் தண்டாகிய முதுகுநாணும், அதற்கு மேலே குழல் வடிவ நரம்புவடமும், தொண்டைப் பகுதியில் பிளவுகளும், குதத்துக்கு அப்பாலும் நீளும் வாலும் இருக்க வேண்டும். 'ஏதேனும் ஒரு கட்டத்தில்' என்ற சொற்களை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ரெட்பெய்ட்டின் குஞ்சு பாறையில் பிறப்பதில்லை. தலைப்பிரட்டையைப் போல வாலடித்து நீந்துகிறது, அந்த வாலுக்குள் முதுகுநாண் ஓடுகிறது. இடம் கிடைத்ததும் தலைப்பக்கத்தால் ஒட்டிக்கொண்டு, வாலையும் நாணையும் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் இவ்வகை உயிர்களை நத்தை, சிப்பி வரிசையில் வைத்திருந்தார்கள். 1866-இல் கோவலேவ்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர் குஞ்சின் வளர்ச்சியைப் பொறுமையாகப் பார்த்து எழுதிய பிறகே இடம் மாறியது. மணலில் புதைந்து வாழும் ஆம்பியாக்சஸ் என்னும் சிறு முதுகுநாணி பார்வைக்கு மீன் போலத் தோன்றுவதால், அதுவே நாமும் அடங்கிய முதுகெலும்பிகளுக்கு மிக அருகில் உள்ளது என்று நெடுங்காலம் கற்பித்தார்கள். 2006-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, ரெட்பெய்ட் சார்ந்த கூட்டத்துக்கே அந்த இடத்தைக் கொடுத்தது.

முதுகெலும்பிகளைப் பள்ளியில் மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று ஐந்தாகப் பிரித்துப் படித்தோம். தாடையே இல்லாத லாம்ப்ரேயையும், குருத்தெலும்பால் ஆன சுறாவையும், எலும்புள்ள சார்டினையும் மீன் என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது சமையலறைக்குப் போதும், வகைப்பாட்டுக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து.

அதற்குச் சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. 1938 டிசம்பரில், ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகில் குவிந்திருந்த மீன்களுக்கிடையே நீலத் துடுப்பு ஒன்றைக் கண்டு, அங்கிருந்த அருங்காட்சியகத்தின் இளம் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் ஒன்றரை மீட்டர் நீள மீனை வெளியே எடுத்தார். அது சீலகாந்த், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட வகை. மீனியல் அறிஞர் ஜே. எல். பி. ஸ்மித் அதற்கு லாட்டிமேரியா என்று அவர் பெயரையே சூட்டினார். 2000-இல் நம் குவாசூலு-நட்டாலின் சொட்வானா விரிகுடாவில், நூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், மூழ்குநர்கள் அதை உயிரோடு கண்டார்கள்.

அதன் இணைத் துடுப்புகள் தசைப்பிடிப்புள்ள தண்டுகளில் அமைந்து, நடக்கும் விலங்கின் கால்களைப் போல மாறி மாறி அசைகின்றன. குளிர்காலத்தில் நாம் வாளிகளோடு ஓடிப்போய் அள்ளும் சார்டினுக்கு அது தூரத்து உறவு. நான்கு கால் விலங்குகளுக்கும் நமக்கும் அதைவிட நெருங்கிய உறவு. இன்னொன்று: முதுகெலும்பியாக இருந்தும் சீலகாந்த் தன் முதுகுநாணை விட்டுவிடவில்லை, நீர்மம் நிறைந்த தடித்த குழாயாக அது ஆயுள் முழுவதும் உடலைத் தாங்குகிறது.

நம் உடலிலும் கருவில் அந்த நாண் தோன்றி, முள்ளெலும்புகளுக்கு இடம்விட்டு ஒடுங்குகிறது. ஆனாலும் எலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டுகளின் நடுவில் கூழ் போன்ற பகுதி அதிலிருந்தே உண்டாகிறது. முதுகுவலி என்று போகும் பெரியவர்களிடம் டிஸ்க் விலகியிருப்பதாக மருத்துவர் சொல்வது இந்தத் தட்டைத்தான்.