கத்தரி வேரில் விழுந்த முடிச்சு

நேயர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் காரைக்குடிப் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். காலையில் நிமிர்ந்து நின்ற செடிகள் உச்சி வெயிலில் துவண்டு கிடந்தன. தோட்டக்காரர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, கூட்டிக் கூட்டிப் பாய்ச்சியிருக்கிறார். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் முழுக்க மணி மணியாக முடிச்சு.

அது நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாது, தக்காளி, வெண்டை, பாகல் எதையும் விடாது. பெண் புழு பசைப்பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மண் சூடாக இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். உளுந்து வேரில் காண்கிற முடிச்சு வேறு. அது தழைச்சத்து தருவது, தேய்த்தால் உதிரும். இது வேரே வீங்கியது, உதிராது.

"வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாமா ஐயா?" என்றார். இலைமேல் தெளித்தது வேருக்குள் கிடக்கும் புழுவை எப்படிச் சேரும்? முடிச்சு விழுந்த செடியை எந்தச் சாறும் மீட்காது. இதை மறைத்துப் புட்டியில் அடைத்து விற்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

சாறு பயன்படும் இடம் நாற்று. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்குங்கள். நாற்றங்கால் மண்ணில் ஊற்றலாம். நாற்றின் வேரை நனைத்தும் நடலாம். வயலுக்கு நான் புண்ணாக்கைத்தான் சொல்வேன். சாறு மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும். புண்ணாக்கு மெல்ல மக்கி நின்று வேலை செய்யும். ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கை நடவுக்கு இரண்டு வாரம் முன்பே ஈர மண்ணில் இட்டு உழுதுவிடுங்கள்.

இலுப்பைப் புண்ணாக்கும் ஆகும். நகரத்தார் கோயில் ஒன்பதில் ஒன்று இருக்கும் இலுப்பைக்குடியின் பெயரிலேயே இலுப்பை இருக்கிறதே! விளக்குக்கு எண்ணெய் ஆட்டியது போக மிஞ்சிய புண்ணாக்கில் ஆச்சிமார் தலை தேய்த்துக் குளித்தார்கள். அந்த நுரையைத் தரும் சப்போனின் புழுவுக்கு ஆகாது. மீனுக்கும் ஆகாது, மீன் குளங்களில் வேண்டாத மீனை ஒழிக்க இதையே போடுகிறார்கள். ஆகவே கண்மாய், ஊருணி ஓரத்துத் தோட்டங்களில் இலுப்பை வேண்டாம்.

இன்னொன்று கேந்தி, அதாவது செண்டுமல்லி. வரப்பில் நாலு செடி வைத்தால் அழகுதான், பலன் இல்லை. வயல் முழுக்க இரண்டு மூன்று மாதம் பயிராக நிற்க வேண்டும். அதன் வேருக்குள் நுழைந்த குஞ்சுப் புழு வளர வழியின்றிச் சாகும்.

அந்தத் தோட்டக்காரரிடம், கத்தரியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு அடுத்த போகம் கேந்தி போடுங்கள் என்றேன். பூவுக்கு விலை நிற்குமா என்று கேட்டார். அதைச் சந்தையில்தான் கேட்க வேண்டும். நன்றி, வணக்கம்.