சருகுக்குத் தீ வைக்கும் முன்

வணக்கம் நேயர்களே. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் நம் தாமான் குடியிருப்புகளில் ஒரு வேலை நடக்கும். முற்றத்தைக் கூட்டி, மாவிலை, பலா இலையெல்லாம் வேலியோரம் குவித்துத் தீ வைப்போம். கொசுவும் ஓடும் என்று ஒரு சமாதானம் வேறு. தயவுசெய்து இனி வேண்டாம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

இங்கே சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், நம் வாய்க்குப் பழகிய பத்தாங் பெர்ஜுந்தையில், பல பேர் வீட்டுக்குப் பக்கத்தில் கம்புட் மண். மக்கியும் மக்காமலும் கிடக்கும் பழைய இலையும் வேரும்தான் அது, காய்ந்தால் எரியும். மேலே சாம்பல் வெளுத்துக் கிடக்கும். அணைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினால் உள்ளே செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். நான்கு வாளி தண்ணீர் ஊற்றினாலும் மேல்மண்தான் நனையும். நெருப்பு அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். ராஜா மூசா கம்புட் காட்டில் தீப்பிடித்தால் பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், நாள்கணக்கில் குழாயோடு நிற்பது இதனால்தான். கால்வாயை மறித்து மண்ணையே ஊற வைக்க வேண்டியிருக்கிறது.

நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவன். அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மறுநடவு என்றால் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்து, காயப்போட்டு எரிப்பார்கள். அன்று தொழிலாளர் லயத்து வீடுகளில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். போட்டால் வெள்ளை வேட்டியில் கரித்தூள் அப்பிக்கொள்ளும். இளைப்புக்காரப் பாட்டிமார் தோட்டத்து மருந்தகத் திண்ணையில் விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். 1980களின் கடைசியிலிருந்து பெரிய தோட்டங்கள் இதை விட ஆரம்பித்தன. மரத்தைத் துண்டுதுண்டாகச் சீவி, அதே நிலத்தில் பரப்பி மக்கவிட்டார்கள். மண்ணுக்கும் உரமானது. ஆயிரக்கணக்கான ஏக்கரை எரிக்காமல் சமாளிக்க முடியும்போது, ஒரு மாமரத்துச் சருகை நம்மால் சமாளிக்க முடியாதா? இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்கிறேன்.

வேலியோரம் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி போதும். சருகு ஓர் அடுக்கு, காய்கறித் தோல் ஓர் அடுக்கு, மேலே கொஞ்சம் மண். காயாமல் தண்ணீர் தெளியுங்கள். சில மாதத்தில் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் உரம் தயார்.

2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலை அறிவித்தது நினைவிருக்கும். அந்தப் புகை பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து வந்தது. சரி, நம் வேலியோரப் புகை மட்டும் பக்கத்து வீட்டுக் குழந்தையை விட்டுவைக்குமா? அதிலும் நெகிழிப் பையையும் பழைய செருப்பையும் சேர்த்துப் போடுகிறார்களே, அது நஞ்சு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்கிறது. 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. வழிபாடு, தகனம், சாத்தே இறைச்சி சுடுவது போன்றவற்றுக்கு விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் இதைக் கவனியுங்கள்: உங்கள் நிலத்தில் தீ எரிந்தால், வைத்தது யாரோ என்றாலும், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். காலி நிலம் வைத்திருப்பவர்கள் புல்லை வெட்டிப்போடுங்கள்.

அறிவிப்பாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். வீட்டுக்குள் பிடிக்கும் தீயைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். இரண்டு மட்டும்: கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், டியூபில் வெடிப்பு தெரிந்தால் இன்றே மாற்றுங்கள். வாசல் கிரில் கதவுச் சாவியை இருட்டிலும் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள். தீ என்றால் 999. வணக்கம்.