இட்டேரியை விட்டுவையுங்கள், பட்டாம்பூச்சி தானாக வரும்

(காங்கேயம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், சித்திரைத் தொடக்கத்தில் நடந்த நூலக விழாவில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த நூலகத்தை மழையானாலும் வெயிலானாலும் நேரத்துக்குத் திறந்து வைக்கும் நூலகர் அவர்களே, கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். மருத்துவர் ஐயாவைத் தனியாக ஒருமுறை சொல்ல வேண்டும். காலையில் இரண்டு ஊரில் மாடு பார்த்துவிட்டு, சாப்பிடக்கூட இல்லாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். தலைமையாசிரியர் ஐயாவிடம் படித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் இருப்பீர்கள். அவர் இருக்கும் மேடையில் பேசக் கிடைத்ததை நான் பெரிய பாக்கியமாக நினைக்கிறேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், அன்புக்கு நன்றி. அடுத்த முறை யாருக்கு மரியாதை செய்வதானாலும் ஒரு ஆவாரங்கன்றைக் கொடுங்கள் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டாம்பூச்சி பார்ப்பது, படம் எடுப்பது என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். எங்கே, எப்போது பார்ப்பது. எப்படிப் படம் எடுப்பது. எடுத்த படத்தால் ஊருக்கு என்ன பயன்.

எங்கள் அப்பாரு வாயில் எப்போதும் ஒரு பழமொழி இருக்கும்: பதறாத காரியம் சிதறாது. மாடு பிடிக்கும்போதும் சொல்வார், கிணறு வெட்டும்போதும் சொல்வார், கல்யாணப் பேச்சு நடக்கும்போதும் சொல்வார். பட்டாம்பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் நான் எங்கேயும் படித்ததில்லை.

பட்டாம்பூச்சி என்றால் ஊட்டிக்கோ வால்பாறைக்கோ போக வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மலையில் நிறைய இருப்பது உண்மைதான். 2019-இல் தமிழ்நாடு அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் மலைக்காட்டு ஆள். அதன் புழு நீரடிமுத்து மரத்து இலையைத் தின்று வளர்வது, நம் ஊர்ப் பக்கம் அது வராது. ஆனால் தமிழ்நாட்டில் 300-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, அவற்றில் சில வகைகளுக்கு மழைக்காடு ஒத்தே வராது. வறண்ட நிலமும் முள்ளும் வெயிலும்தான் அவற்றுக்கு வேண்டும். அப்படிப்பட்ட இடம் எது? சுற்றிலும் உயிர்வேலி வளர்த்து ஆடு மாடு மேய விடுகிற நம் கொறங்காடு. நம் இட்டேரி.

குழந்தைகளில் யாராவது இட்டேரி என்றால் என்னவென்று தெரியாமல் இருந்தால் இன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேளுங்கள். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் வண்டித்தடம். கிளுவை நட்டு வளர்த்த வேலி, அதன் மேல் பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி, கொடிப்பாலை, ஆதொண்டை எல்லாம் ஏறிக் கிடக்கும். கீழே இசங்கு, விழுதி, ஆவாரை, எருக்கு. ஒவ்வொன்றும் ஒரு பட்டாம்பூச்சிக்குப் பிள்ளை வளர்க்கிற இடம். எருக்கில் பிளெயின் டைகர் முட்டை வைக்கும், அந்த வெந்தய நிறத்தில் சாவகாசமாகப் பறக்குமே, அதுதான். எருக்கம்பால் விஷத்தைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை, அதனால்தான் அந்தச் சாவகாசம். கொடிப்பாலையில் புளூ டைகர். ஆதொண்டையில் வெள்ளைச் சிறகின் நுனி ஆரஞ்சாக இருக்கும் ஒயிட் ஆரஞ்சு டிப், அப்புறம் கொத்துக்கொத்தாக முட்டை வைக்கிற பயனியர். விழுதியில் கிரிம்சன் டிப், அதன் ஆணுக்குச் சிறகு நுனியில் இருக்கிற சிவப்பை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் மறக்காது. இசங்கில் ஸ்மால் சால்மன் அராப். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் புல்லுருவியைக் கண்டாலே ஆகாது, அந்தப் புல்லுருவியில்தான் மஞ்சளும் சிவப்புமாகப் பறக்கும் காமன் ஜெசிபெல் வளர்கிறது.

பெண் பட்டாம்பூச்சி கண்ட இலையில் முட்டை வைத்துவிடாது. முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டி ருசி பார்க்கும், சரியான செடி என்றால்தான் வைக்கும். அந்தச் செடி இல்லையென்றால் வேறு செடியில் வைத்துச் சமாளித்துக்கொள்ள முடியாது, அந்த வட்டாரத்தில் அந்த வகையே இல்லாமல் போகும். பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி வரும் என்கிறார்கள், வரும், தேன் குடிக்க வரும், குடித்துவிட்டுப் போய்விடும். நம் ஊரிலேயே பிறந்து வளர வேண்டுமானால் இலை வேண்டும். வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழுவைப் பார்த்தவுடனே மருந்து அடிக்காதீர்கள் தாய்மார்களே. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியோ காமன் மார்மனோ அதில் இருக்கிறது, முட்டையிலிருந்து சிறகு விரிப்பது வரைக்கும் ஒரு மாதம்கூட ஆகாது. நாலு இலை போகும், திரும்பத் துளிர்க்கும். பதறாத காரியம் சிதறாது.

காலம் என்று பார்த்தால், நம் பக்கம் பட்டாம்பூச்சி அதிகமாகப் பறப்பது ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம். ஆனாலும் எனக்குப் பிடித்தது இந்த இளவேனில்தான். சித்திரையில் ஒரு கோடைமழை விழுந்தால் போதும், காய்ந்த வேலியெல்லாம் துளிர் விடும், துளிர் விட்டதும் முட்டை வைக்கப் பெண்கள் வந்துவிடும். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். விடிகாலையில் பட்டாம்பூச்சிக்கு உடம்பு சூடேறியிருக்காது, சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும், அதுதான் நமக்குக் கிடைக்கிற நேரம். பதினோரு மணி வெயிலில் நாமும் நிழல் தேடுவோம், அதுவும் வேலிக்குள்ளே போய்விடும். வாய்க்கால் கசிவு இருக்கும் ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் எல்லாம் ஆண்கள், மண்ணிலிருந்து உப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்தால் ஒரே இடத்தில் நாலைந்து வகை கிடைக்கும்.

ஒரு சித்திரைக் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தாராபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு கொறங்காடு. வேலி ஓரத்தில் ஆதொண்டைக் கொடி, அதில் ஒயிட் ஆரஞ்சு டிப் ஒன்று முட்டை வைக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முட்டை வைக்கும்போது படம் எடுக்க வேண்டுமானால் இலை மட்டத்துக்குக் கண் போக வேண்டும், அதனால் நான் தரையில் குப்புறப் படுத்துவிட்டேன். அசையவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் ஆட்டுச் சத்தம். ஒரு ஆத்தா, எழுபது வயசுக்கு மேலே இருக்கும், ஓடி வருகிறார்கள். "ஏங்கண்ணு, என்ன பண்ணுது? மயக்கமா? வெயில்ல உளுந்துட்டியா?" கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து என் பிடரியில் ஊற்றியே விட்டார்கள். பட்டாம்பூச்சி போய்விட்டது. நான் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லீங்க ஆத்தா, படம் எடுக்கிறேனுங்க" என்றேன். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. "டவர் போட அளக்க வந்தியா? எங்காட்டுல ஒரு கல்லு நடக்கூடாது, சொல்லிட்டேன்." கையில் கேமரா, பக்கத்தில் முக்காலி, அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டார்கள். நான் கேமராவைத் திருப்பி, முதலில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள், கேமராவை வாங்கி இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள்! "இதுக்கா இப்படிப் படுத்துக் கிடந்தே? இது இந்தக் கொடிக்கு எப்பவும் வர்றது. சேப்பு மூக்கு வெச்ச மாதிரி இன்னொன்னு விழுதிச் செடிக்கு வரும். வா, காட்டறேன்" என்று முன்னால் நடந்தார்கள்.

ஐயா, அந்த ஆத்தா கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். பட்டாம்பூச்சியின் பெயர் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பூச்சி எந்தச் செடிக்கு வரும் என்று வேலி நெடுக விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஆடு எந்தக் கொடியைத் தின்னும், எதைத் தின்னாது, எந்த மாதம் எது துளிர்க்கும் என்பதெல்லாம் அதோடு சேர்ந்து வந்தது. வேலி பாதியிலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் கல்லுக்கால், கம்பி. மகன் போட்டதாம். "வேலி வெட்டிக் கவாத்துப் பண்ண ஆள் கெடைக்கிறதில்லீன்னு போட்டான். பாம்பு வருதுங்கிறான். பாம்பு இல்லீன்னா எலி வராதா கண்ணு?" என்றார்கள். கம்பி வேலிப் பக்கம் இருந்த நேரமெல்லாம் ஒரு பூச்சி வரவில்லை. நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இதைப் படித்ததில்லை.

படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். செல்போன் போதும், தொடங்குவதற்கு. முதலில் தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுங்கள், அது பறந்தாலும் அடையாளத்துக்கு ஒன்று கையில் இருக்கும். அப்புறம் ஒரு அடி, நின்று, இன்னொரு அடி. உங்கள் நிழல் அதன் மேல் விழுந்தால் முடிந்தது, அதனால் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சுற்றி வாருங்கள். கேமரா இருப்பவர்கள் 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் வைத்திருந்தால் நல்லது, ஷட்டர் 1/500 அல்லது அதைவிட வேகம், அப்பர்ச்சர் எஃப்/8 சுற்றுவட்டாரம். கேமராவைச் சிறகுக்கு நேர் இணையாகப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ஒரு சிறகு தெளிவாகவும் இன்னொன்று மங்கலாகவும் வரும். கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். மேல்பக்கம் அழகாக இருக்கிறது என்று அதோடு நிறுத்தாமல் சிறகை மூடும்வரை காத்திருந்து அடிப்பக்கத்தையும் எடுங்கள், சின்ன நீல வகைகளையெல்லாம் அடிப்பக்கப் புள்ளிகளை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். காத்திருக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் கிடைக்கும், பதறாத காரியம் சிதறாது. ஒன்றே ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: படத்துக்காகப் பிடித்து, குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கி, பூவில் உட்கார வைத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலையை நம் ஊர்ப் பிள்ளைகள் செய்யவே கூடாது. கூட்டுப்புழு இருக்கும் கிளையை ஒடிக்கவும் கூடாது.

எடுத்த படத்தை என்ன செய்வது? இங்கேதான் தலைவர் அம்மாவிடம் வருகிறேன். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை எழுதி வைக்க வேண்டும். நம் ஊரில் எந்தச் செடி, எந்தப் பூச்சி, எந்தப் பறவை என்று ஊர்க்காரர்களே சொல்லி எழுதுவது. அந்த ஆத்தாவைப் போன்றவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களை உட்கார வைத்துக் கேட்டு, பிள்ளைகள் எடுத்த படத்தையும் தேதியையும் இடத்தையும் சேர்த்து எழுதினால், நாளைக்கு யாராவது இட்டேரியில் வெறும் முள்தானே இருக்கிறது என்று சொன்னால் எடுத்துக் காட்ட நம் கையில் ஒன்று இருக்கும்.

ஏனென்றால் இப்போது நடப்பது என்ன? இந்த ஊருக்கு வரும் வழியிலேயே பார்த்தேன். ஜேசிபி வைத்து ஒரு பக்க வேலியை அடியோடு வழித்துப் போட்டிருக்கிறார்கள், மூன்று தலைமுறை வளர்ந்த கிளுவை வேரோடு மல்லாந்து கிடக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் களைக்கொல்லி அடித்து வரப்பு முழுக்கக் கருகிக் கிடக்கிறது. வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்க்கும், இதில் துளிர்க்க என்ன இருக்கிறது? வண்டி போக வழி வேண்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆளை வைத்துக் கையால் கவாத்துப் பண்ணுங்கள், ஒரு வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் மறுபக்கம். காங்கேயம் காளையை உலகமே பார்க்கிறது, நமக்கெல்லாம் பெருமை. அந்தக் காளை வளர்ந்தது கொறங்காட்டில், கொறங்காடு நின்றது இந்த வேலியால். மருத்துவர் ஐயா தலையாட்டுகிறார், எனக்கு அது போதும்.

வரும் மே 1 கிராம சபையில் மூன்று தீர்மானம் கேட்டு ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன். இட்டேரியில் இயந்திரம் இறக்கக் கூடாது, வேலி ஓரத்தில் களைக்கொல்லி அடிக்கக் கூடாது, பல்லுயிர்ப் பதிவேட்டை இந்த வருஷமே எழுதத் தொடங்க வேண்டும். தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு என் நன்றி. கூட்டம் முடிந்ததும் மனு நூலக மேசையில் இருக்கும், ஓட்டு இருக்கிற எல்லோரும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு நூலக வாசலுக்கு வந்துவிடுங்கள், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு. தெற்கு இட்டேரியில் இன்னும் இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது, அங்கே போகலாம்.

நன்றி, வணக்கம்.